கெட்நெட்பைநேமை இன்னும் யாராவது கூப்பிடுகிறார்களா?

ஜூன் 11, இரவு 9:50 (கேள்வி)

தரமணியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் சி ஃபங்ஷன்களான கெட்ஹோஸ்ட்பைநேம், கெட்சர்வ்பைநேம் எல்லாம் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். அடுத்து கெட்நெட்பைநேம் என்ன செய்யும் என்றார்கள். டொமைன் பெயரைக் கொடுத்தால் நெட்வொர்க்கின் ஐபி வரும் என்றேன், ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து அல்பைன் என்ற சின்ன லினக்ஸ் கன்டெய்னரில் எழுதி ஓட்டினேன். எந்தப் பெயர் கொடுத்தாலும் நல் (வெற்றுப் பதில்) தான் வருகிறது, லூப்பேக் (மெஷின் தன்னோடு தானே பேசும் நெட்வொர்க்) என்று கொடுத்தால்கூட. இது செத்துப்போன ஃபங்ஷன், சிலபஸிலிருந்து தூக்கிவிடலாம் என்பது என் கருத்து. சீனியர்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜூன் 11, இரவு 10:35

அல்பைனில் சோதித்தால் நல்தான் வரும், உங்கள் கோடில் பிரச்சினை இல்லை தம்பி. அல்பைனில் இருப்பது மஸ்ல் என்ற சி லைப்ரரி. அதில் கெட்நெட்பைநேம், எண்ணுக்குப் பெயர் தேடும் கெட்நெட்பைஅட்ர் இரண்டும் வெறும் பொம்மை, உள்ளே ஒரே வரி: பூஜ்யத்தைத் திருப்பு. எந்த ஃபைலையும் திறக்காது. சிஸ்டம் கால்களைக் காட்டும் ஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்கள், ஓப்பன் கால் ஒன்றுகூட இருக்காது. டெபியனிலோ உபுண்டுவிலோ ஓட்டிவிட்டு வாருங்கள், செத்ததா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

ஜூன் 12, காலை 7:15

மின்சார ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெட்ஹோஸ்ட்பைநேம், கெட்சர்வ்பைநேம், கெட்ப்ரோட்டோபைநேம், கெட்நெட்பைநேம், இவை நான்கு அண்ணன் தம்பிகள். 1983-இல் வந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸோடு சேர்ந்து வந்தவை, நெட்டிபி ஹெடர் ஃபைலில் நான்குக்கும் இடம் உண்டு. ஹோஸ்ட் பெயருக்கு ஒன்று, சர்வீஸ் பெயருக்கு ஒன்று, புரோட்டோகால் பெயருக்கு ஒன்று, நெட்வொர்க் பெயருக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இடிசி அடைவில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்: ஹோஸ்ட்ஸ், சர்வீசஸ், புரோட்டோகால்ஸ், நெட்வொர்க்ஸ். பெயர் கொடுத்துத் தேடலாம், எண் கொடுத்துத் தேடலாம், முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டும் போகலாம். கடைசியில் சொன்னதற்குத்தான் கெட்நெட்என்ட், செட்நெட்என்ட், எண்ட்நெட்என்ட் என்று மூன்று கூடுதல் ஃபங்ஷன்கள்.

டொமைன் பெயருக்கும் கெட்நெட்பைநேமுக்கும் நேரடித் தொடர்பு இல்லை, அவர்கள் சிரித்தது அதற்காக இருக்கும். நெட்வொர்க்ஸ் ஃபைலில் "லூப்பேக் 127.0.0.0" என்று ஒரு வரி இருந்தால், லூப்பேக் என்று கேட்டால் 127.0.0.0 வரும், அவ்வளவுதான். டெபியனில் வழக்கமாக டீஃபால்ட், லூப்பேக், லிங்க்-லோக்கல் என்று மூன்று வரி இருக்கும், அதற்கு மேல் யாரும் எழுதிச் சேர்ப்பதில்லை.

கிண்டி வந்துவிட்டது, மீதி அப்புறம்.

ஜூன் 12, இரவு 11:05

"யாரும் எழுதிச் சேர்ப்பதில்லை" என்று காலையில் எழுதினேன். சேர்த்து வைத்திருந்த ஒரு இடம் எனக்குத் தெரியும்.

துறைமுகம் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் முன்பு வேலை பார்த்தேன், பெயர் வேண்டாம். சென்னைக்குள்ளேயே பல கிளைகள்: பாரிமுனை, ராயபுரம், அம்பத்தூர், மறைமலைநகர். எனக்கு முன்னால் இருந்த அட்மின் ஒவ்வொரு கிளைக்கும் 10.4.0.0, 10.5.0.0 என்று ஒதுக்கி, நெட்வொர்க்ஸ் ஃபைலில் கிளையின் பெயரோடு எழுதி வைத்திருந்தார். இரவு ரிப்போர்ட் போடும் சி புரோக்ராம் ஒன்று, லாகின் வந்த ஐபி-யின் கடைசி இரண்டு எண்ணைப் பூஜ்யமாக்கி, கெட்நெட்பைஅட்ரைக் கேட்டு, "அம்பத்தூர்" என்று பெயரைப் போடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேனேஜருக்கு ஐபி எண் புரியவேண்டிய அவசியமே வரவில்லை.

அப்புறம் பெரிய ரவுட்டர் வந்தது, ஃபைலில் பாரிமுனை என்று இருந்த 10.4-ஐ பதினாறு துண்டாக வெட்டினார்கள். ஒரு துண்டு பாரிமுனை, இன்னொன்று ராயபுரம், மற்றொன்று கோடவுன். அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் எல்லாமே பாரிமுனை. ராயபுரத்து ஆட்கள் இரவு பதினொரு மணிக்குப் பாரிமுனையில் லாகின் செய்ததாக ஆடிட்டர் கேள்வி எழுப்பினார், அது தனிக் கதை.

ஃபைலில் 10.4.16.0, 10.4.32.0 என்று புதுவரிகள் சேர்த்தால் தீராதா என்று கேட்பீர்கள். சேர்க்கலாம்தான். ஆனால் அந்த வரியில் மாஸ்க் (முகவரியில் நெட்வொர்க் பகுதி எதுவரை என்று சொல்வது) எழுத இடமே கிடையாது. இந்த ஃபங்ஷன்கள் திருப்பித் தரும் நெட்என்ட் ஸ்ட்ரக்சரில் இருப்பது நான்கே நான்கு: பெயர், மாற்றுப்பெயர்கள், முகவரி வகை, 32 பிட் எண். 10.4.16.0 என்பது எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. புரோக்ராம்தான் எந்த மாஸ்க்கால் வெட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அது தெரிந்திருந்தால் இந்த ஃபங்ஷனே எதற்கு?

ஜூன் 13, காலை 7:20

இரவு எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். 1983-இல் இதை எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்போது ஏ, பி, சி வகுப்புதான். முகவரியின் முதல் எண்ணைப் பார்த்தாலே நெட்வொர்க் எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும்: 126 வரை ஏ, 128 முதல் 191 வரை பி, 192 முதல் 223 வரை சி. மாஸ்க் தனியாகத் தேவைப்படவில்லை. 1993-இல் ஆர்எஃப்சி 1519 என்ற இணையத் தர ஆவணம் வந்து, நெட்வொர்க் பகுதியின் நீளத்தைத் தனியாகச் சொல்லும் சிஐடிஆர் முறையைக் கொண்டுவந்த பிறகு வகுப்பு என்பதே போய்விட்டது. ஹோஸ்டுக்கு கெட்அட்ர்இன்ஃபோ என்று புது ஃபங்ஷன் எழுதினார்கள். நெட்வொர்க்குக்கு அப்படி யாரும் எழுதவில்லை, இன்றைக்கும் அதே நான்கு உறுப்புதான். ஐபிவி6? 32 பிட்டில் எங்கே வைப்பது.

ஆகவே தம்பி சொன்ன "செத்துப்போன ஃபங்ஷன்" என்பதை நான் இப்படிச் சொல்வேன்: ஃபங்ஷன் உயிரோடுதான் இருக்கிறது, அது பதில் சொல்லவேண்டிய கேள்விதான் 1993-இல் மாறிவிட்டது. போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநூலின் 2008 பதிப்பில் கெட்ஹோஸ்ட்பைநேமையும் கெட்ஹோஸ்ட்பைஅட்ரையும் தூக்கிவிட்டார்கள், கெட்நெட்பைநேமைத் தூக்கவில்லை. நாள்தோறும் லட்சக்கணக்கான புரோக்ராம்கள் கூப்பிடும் ஃபங்ஷன் தரநூலில் இல்லை, யாரும் சீண்டாதது இருக்கிறது. இதற்கு என்ன சொல்வது!

ஜூன் 13, மதியம் 1:40

ஒருவர் கேட்டிருக்கிறார்: "போர்ட் எண்ணுக்கு சர்வீஸ் பெயர் தேடும் கெட்சர்வ்பைபோர்ட்டில் 22 கொடுத்தால் எஸ்எஸ்ஹெச் வரவில்லை, பிசிஎனிவேர்ஸ்டாட் என்று ஏதோ வருகிறது. என் சர்வரில் வைரஸா?"

வைரஸ் இல்லை. போர்ட் எண்ணை நெட்வொர்க் பைட் வரிசையில் (பெரிய பைட் முதலில்) கொடுக்க வேண்டும், அதாவது ஹெச்டுஎன்எஸ் போட்டுக் கொடுக்க வேண்டும். இன்டெல் மெஷினில் 22-இன் இரண்டு பைட்டையும் இடம் மாற்றினால் 5632. நீங்கள் நேராக 22 கொடுத்தால் அது 5632-ஐத்தான் தேடும், 5632 என்பது தூரத்துக் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான பிசிஎனிவேரின் பதிவான போர்ட். மயிலாப்பூர் பக்கம் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு பலகை தொங்குமே, அந்த மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால் பிசிஎனிவேரின் பழைய பதிப்புகளே யூடிபி 22-இல் பேசிக்கொண்டிருந்தன. எங்கேயோ ஒருவர் இந்த இடமாற்றத்தை விட்டிருக்கிறார்.

சர்வீசஸ் ஃபைல் சின்னதாக இருக்கும் சிஸ்டத்தில் 5632-க்கு வரியே இருக்காது, நல் வரும். அதனால் இந்தப் பிழை ஒரு மெஷினில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் இன்னொரு மாதிரியும் தெரியும்.

ஜூன் 13, மதியம் 2:05

இதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த இன்டர்வியூவில் மாட்டுவீர்கள். சர்வீஸ் தேடல் தரும் சர்வ்என்ட்டில் போர்ட் நெட்வொர்க் பைட் வரிசையில். நெட்என்ட்டில் நெட்வொர்க் எண் ஹோஸ்ட் பைட் வரிசையில் (மெஷினின் சொந்த வரிசை). ஒரே ஹெடர் ஃபைல், ஒரே காலத்தில் எழுதியது, இரண்டும் எதிரெதிர். ஆகவே 10.4.0.0-ஐத் தேட இன்டெல்லானாலும் சரி, வேறெதுவானாலும் சரி, 168034304 என்ற எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். சாக்கெட் ஸ்ட்ரக்சரிலிருந்து எடுத்த முகவரியை அப்படியே தூக்கிக் கொடுத்தால் கிடைக்காது, என்டுஹெச்எல் வழியாகக் கொண்டுபோக வேண்டும்.

ஜூன் 14, இரவு 10:20

ரவுட்டிங் பட்டியலைக் காட்டும் ரவுட் கமாண்ட் தொங்குவதைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இது கெட்நெட்பைஅட்ரை நீங்கள் தெரியாமலே கூப்பிடும் இடம். ரவுட் என்று வெறுமனே அடித்தால் அது ஒவ்வொரு வரியிலும் உள்ள நெட்வொர்க் எண்ணுக்குப் பெயர் தேடும், கேட்வே எண்ணுக்கும் தேடும். லிங்க்-லோக்கல் என்று எழுத்தில் வருவது நெட்வொர்க்ஸ் ஃபைலில் இருந்துதான். மைனஸ் என் (-n) ஆப்ஷன் போட்டால் தேடலே இல்லை, உடனே வந்துவிடும். ஐபி ரவுட் கமாண்ட் பழகியவர்களுக்கு இந்தத் தலைவலியே தெரியாது.

ஏன் தொங்குகிறது? எதை எங்கே தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலைத் திறந்து நெட்வொர்க்ஸ் என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். ஃபைல்ஸ் என்று மட்டும் இருந்தால் நெட்வொர்க்ஸ் ஃபைலோடு தேடல் நின்றுவிடும். பக்கத்தில் டிஎன்எஸ் என்றும் இருந்தால், ஃபைலில் கிடைக்காததை டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். ஆமாம், நெட்வொர்க் பெயரை டிஎன்எஸ்ஸில் வைக்கவும் ஒரு வழி இருக்கிறது, 1989-இல் வந்த ஆர்எஃப்சி 1101. 10.4.0.0-க்கு 0.0.4.10 என்று திருப்பிப் போட்டு, எண்ணுக்குப் பெயர் தேடும் டிஎன்எஸ் பகுதியான இன்-அட்ர் ஆர்பா கீழே பாயின்டர் ரெக்கார்டைக் கேட்கும். உலகத்தில் எத்தனை பேர் அந்த ரெக்கார்டை எழுதி வைத்திருப்பார்கள்? டிஎன்எஸ் சர்வர் பதில் சொல்லாமல் விட்டால் ரிசால்வர் வழக்கமாக 5 வினாடி காத்திருக்கும், இரண்டு முறை முயலும். சர்வர் இரண்டு எழுதியிருந்து இரண்டுமே படுத்திருந்தால் ஒரு தேடலுக்கே 20 வினாடி. வரி நிறைய இருந்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

முதல் நாள் கெட்நெட்பைநேமுக்கும் டொமைனுக்கும் "நேரடித் தொடர்பு இல்லை" என்று சொன்னேனே, அந்த "நேரடி" இதற்காகத்தான். தம்பி இன்டர்வியூவில் சொன்ன பதில் ஆர்எஃப்சி 1101 தெரிந்த ஒருவர் முன்னால் பாதி சரியாகிவிடும். சிரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஜூன் 15, காலை 6:50

"நெட்வொர்க்ஸ் வரியில் டிஎன்எஸ்ஸை எடுத்துவிட்டேன், ரவுட் இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது" என்கிறார் ஒருவர். காரணம் கேட்வே நெடுவரிசை, பாஸ். அது ஹோஸ்ட் தேடல், ஹோஸ்ட்ஸ் வரியைப் பார்த்து நடக்கும், நெட்வொர்க்ஸ் வரிக்குச் சம்பந்தமில்லை. கேட்வேயின் ஐபி-யை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு பெயரோடு எழுதிவிடுங்கள், தீர்ந்தது. தேடல் பதில்களைச் சேமித்து வைக்கும் என்எஸ்சிடி போட்டால் சரியாகுமா என்று அடுத்து கேட்பார்கள்: அது பாஸ்வேர்ட், குரூப், ஹோஸ்ட்ஸ், சர்வீசஸ், நெட்குரூப் ஐந்தைத்தான் கேஷ் செய்யும். நெட்வொர்க்ஸ் அதில் இல்லை. நெட்குரூப் வேறு சமாச்சாரம், குழம்ப வேண்டாம்.

ஜூன் 15, இரவு 11:30

பாதுகாப்பு பற்றிக் கேட்டவருக்கு. யாரும் தொடாத கோடில் ஓட்டை தங்கிவிடும், அதற்கு இந்தக் குடும்பமே சாட்சி.

கெட்ஹோஸ்ட்பைநேமில் இருந்ததுதான் கோஸ்ட் என்று 2015 ஜனவரியில் க்வாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓட்டை, அதன் பதிவு எண் சிவிஇ-2015-0235. எண்ணும் புள்ளியும் மட்டும் உள்ள நீளமான பெயரைக் கொடுத்தால் பஃபர் கணக்கு தவறி, 32 பிட்டில் 4 பைட், 64 பிட்டில் 8 பைட் வெளியே வழியும். அவ்வளவு சின்ன வழிசலை வைத்தே எக்ஸிம் மெயில் சர்வருக்குள் புகுந்து காட்டினார்கள். டெபியன், உபுண்டுவில் உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சியில், 2000-இல் வந்த 2.2 பதிப்பிலேயே இருந்தது. 2013 மே மாதம் சாதாரணப் பிழை என்று சரிசெய்துவிட்டார்கள், பாதுகாப்புப் பிரச்சினை என்று யாரும் குறிக்கவில்லை. அதனால் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளில் பழைய கோடே தொடர்ந்தது. கோடைச் சரிசெய்வது ஒரு வேலை, சரிசெய்தது எதற்கென்று எழுதுவது இன்னொரு வேலை, இரண்டாவதை நம் ஆபீசில் யார் செய்கிறார்கள்?

"அப்போ கெட்அட்ர்இன்ஃபோவுக்கு மாறிவிட்டால் நிம்மதி" என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் அதிலேயே ஸ்டாக் வழிசல் வந்தது, சிவிஇ-2015-7547. 2048 பைட்டைத் தாண்டும் டிஎன்எஸ் பதில் வந்தால் வம்பு.

நம் கதாநாயகனும் சும்மா இல்லை. கெட்நெட்பைநேமின் டிஎன்எஸ் பக்கத்தில் கேட்கும் பெயரை அப்படியே ஸ்டாக்கில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள், நீளத்துக்கு வரம்பில்லாமல். மிக நீளமான பெயர் கொடுத்தால் புரோக்ராம் விழும். சிவிஇ-2016-3075, ஜிலிப்சி 2.24-இல் சரியானது. அந்தப் பிரதியே தேவையில்லாத ஒன்று.

ஜூன் 16, மதியம் 12:55

மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து டீம் பையன் சொன்னான், அவனுடைய சர்வீஸ் சொந்த லேப்டாப்பில் ஓடுகிறது, டெபியன் ஸ்லிம் கன்டெய்னரில் "டிசிபி என்று புரோட்டோகால் இல்லை" என்று சொல்லி விழுகிறது. டிசிபி இல்லாத லினக்ஸா என்று எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் இதுதான்: புரோட்டோகால்ஸ், சர்வீசஸ் ஃபைல்கள் நெட்பேஸ் என்ற பேக்கேஜில் வருகின்றன, ஸ்லிம் இமேஜில் அது இல்லை. கெட்ப்ரோட்டோபைநேம் ஃபைலைத் தேடும், இல்லை, நல். நெட்பேஸை இன்ஸ்டால் செய்தால் போதும்.

உண்மையில் கெட்ப்ரோட்டோபைநேமைக் கூப்பிடவேண்டிய அவசியமே கிடையாது. டிசிபி எண் 6, யூடிபி எண் 17, ஐசிஎம்பி எண் 1. இவை மாறப்போவதில்லை, ஹெடரில் மாறிலியாகவே இருக்கின்றன. மஸ்ல் ஆட்கள் இதைப் புரிந்துகொண்டு புரோட்டோகால் பட்டியலை லைப்ரரிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள், ஃபைலைத் திறப்பதே இல்லை. எனக்கு மஸ்லின் இந்த முடிவு பிடிக்கும். நெட்வொர்க் தேடலைப் பொம்மையாக வைத்ததும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஆனால் அதை மேன் பக்கத்தில் எங்காவது கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் தம்பிக்கு ஒரு இரவு மிஞ்சியிருக்கும்.

ஜூன் 16, இரவு 9:15

விண்டோஸில் என்ன என்று கேட்டார்கள். சிஸ்டம்32-இன் டிரைவர்ஸ் அடைவுக்குள் ஒரு இடிசி அடைவு உண்டு, அதில் நெட்வொர்க்ஸ் என்ற ஃபைலும் உண்டு, லூப்பேக் வரியும் உள்ளே இருக்கும். வின்சாக் ஹெடரில் நெட்என்ட் ஸ்ட்ரக்சரும் இருக்கிறது. ஃபங்ஷன் மட்டும் இல்லை!

ஜூன் 17, இரவு 10:45

துறைமுகத்துக் கம்பெனியில் கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: கெட்நெட்பைஅட்ரைக் கழற்றிவிட்டு, சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஒரு வரியில் முகவரி, சாய்கோடு, பிரிஃபிக்ஸ் நீளம், கிளைப்பெயர். புரோக்ராம் தொடங்கும்போது படித்து, நீளமான பிரிஃபிக்ஸ் முதலில் வருமாறு அடுக்கி, மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதலில் பொருந்துவது எதுவோ அதன் பெயர். நூறு வரிக்கு உட்பட்ட ஃபைலுக்கு ட்ரை மரம், ஹாஷ் டேபிள் எதுவும் வேண்டாம். ராயபுரம் ராயபுரமாக ஆனது, ஆடிட்டர் வேறு கேள்விக்குப் போய்விட்டார்.

பழைய நெட்வொர்க்ஸ் ஃபைலில் ஒரு சின்னப் பொறி. பழைய அட்மின் பத்தி நேராக இருக்கட்டும் என்று சில இடத்தில் 010.005.000.000 என்று பூஜ்யம் சேர்த்து எழுதியிருந்தார். எழுத்தில் உள்ள முகவரியை எண்ணாக்கும் ஐநெட்நெட்வொர்க் ஃபங்ஷன் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளும், 010 என்பது 8 ஆகிவிடும். அந்த வரிகள் அத்தனை காலமும் 8.5.0.0-ஐக் காட்டிக்கொண்டு சும்மா கிடந்திருக்கின்றன.

ஜூன் 18, காலை 7:10

கெட்அட்ர்இன்ஃபோ ஒரே முகவரியை மூன்று முறை தருகிறது, பக் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். பக் இல்லை. ஹின்ட்ஸில் சாக்கெட் வகையைச் சொல்லாமல் விட்டால் ஸ்ட்ரீம், டேட்டாகிராம், ரா மூன்றுக்கும் ஒவ்வொன்றாகத் தரும். வகையை ஸ்ட்ரீம் என்று குறித்துவிடுங்கள், ஒன்றுதான் வரும். ஸ்டாட்டிக் லிங்க் செய்யும்போது ஜிலிப்சி தரும் எச்சரிக்கையையும் அலட்சியமாக விடாதீர்கள்: பெயர் தேடும் என்எஸ்எஸ் மாட்யூல்களை ஓடும்போதுதான் ஏற்றும், அதே பதிப்பு ஜிலிப்சி அந்த மெஷினில் இருக்க வேண்டும்.

ஜூன் 18, இரவு 8:30

தம்பி டெபியனில் ஓட்டிப் பார்த்து, லூப்பேக்குக்கு 2130706432 வந்தது, இது என்ன எண் என்று கேட்கிறார். 127-ஐ 16777216-ஆல் பெருக்குங்கள். ஃபைலில் வெறும் 127 என்று எழுதியிருந்தாலும் ஜிலிப்சி பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்து இதே எண்ணைத்தான் தரும். ஐநெட்நெட்வொர்க்கை நீங்களே நேராகக் கூப்பிட்டு 127 கொடுத்தால் அது சேர்க்காது, 127-ஆகவே வரும். அதை அப்படியே கெட்நெட்பைஅட்ருக்குக் கொடுத்தால் நல். அச்சிடும்போது அன்சைன்டாக அச்சிடுங்கள், இல்லாவிட்டால் 192-இல் தொடங்குவதெல்லாம் மைனஸில் வந்து நிற்கும். திரும்பி வந்த பாயின்டரை ஃப்ரீ செய்ய வேண்டாம், அது லைப்ரரிக்குச் சொந்தமான நிலையான இடம், அடுத்த தேடலில் அதன்மேலேயே எழுதிவிடும். த்ரெட் இருந்தால் கீழ்க்கோடு ஆர் (_r) சேர்த்த வடிவத்துக்குப் போங்கள், பஃபர் போதாவிட்டால் ஈரேஞ்ச் என்ற பிழை வரும், பெரிதாக்கி மறுபடி கூப்பிட வேண்டும்.